வீட்டுத் துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் ஈரமும் பூஞ்சணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருடர் கையிலிருந்தும் வீட்டுப் பிள்ளைகள் கையிலிருந்தும் துப்பாக்கியைக் காப்பதற்காக வாங்கும் இரும்புப் பெட்டகம், கவனிக்காமல் விட்டால் அதே துப்பாக்கியைத் துருவுக்கும் பூஞ்சணத்துக்கும் ஒப்படைத்துவிடும். இதைப் பற்றிப் பெட்டகம் வைத்திருப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன.

எப்போதும் பூட்டியே இருக்கும் பெட்டகத்துக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி ஈரத்தை உள்ளே கொண்டுபோய் வைப்பவர் நாம்தான். பெட்டகத்துக்குள் அடைபட்டிருக்கும் காற்றில் உள்ள நீர் மிகக் குறைவு. 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 23 கிராம்தான். ஆகவே 0.6 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு பெட்டகத்தில், ஈரப்பதம் 70 சதவீதமாக, அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் 70 சதவீதமாக, இருக்கும்போதுகூட, காற்றில் மிதக்கும் நீர் 10 கிராமைத் தாண்டாது. இரண்டு தேக்கரண்டி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

மரம் அப்படியல்ல. 70 சதவீத ஈரப்பதத்தில் பல நாட்கள் இருந்த மரம் தன் எடையில் சுமார் 13 சதவீத நீரைப் பிடித்து வைத்திருக்கும்; 45 சதவீதத்துக்கு வந்தால் அது 8 அல்லது 9 சதவீதமாகக் குறையும். ஒரு கிலோ எடையுள்ள ஒரே ஒரு துப்பாக்கிக் கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) இந்த இரண்டு நிலைகளுக்கிடையே விடவோ வாங்கவோ கூடிய நீர் 40 கிராமுக்கு மேல். பெட்டகத்தின் காற்று முழுவதிலும் இருப்பதைப் போல நான்கு மடங்கு அது. இதோடு உள்சுவரில் ஒட்டியிருக்கும் கார்பெட் துணி, ஃபோம், தோல் உறை, அட்டைப் பெட்டி, காகிதக் கட்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஈரத்தின் சேமிப்புக் கிடங்கு எது என்பது தெரிந்துவிடும். காற்றை மட்டும் உலர்த்திவிட்டு, மறுநாளே பழைய அளவுக்கு ஈரப்பதம் ஏறிவிட்டதே என்று குழம்புவோர் மறந்துவிடுவது இந்தக் கிடங்கைத்தான்.

இன்னொரு வழி கதவு. ஒவ்வொரு முறை அகலத் திறக்கும்போதும் அறையின் காற்று அப்படியே உள்ளே புகுந்துவிடுகிறது. கதவு மூடியிருக்கும்போது நடக்கும் கசிவு இதைவிட மெதுவானது: பகலுக்கும் இரவுக்கும் இடையே 10 டிகிரி வேறுபாடு இருந்தால், உள்ளே இருக்கும் காற்றில் சுமார் 3 சதவீதம் இடுக்குகள் வழியாக வெளியே போய்த் திரும்பும்.

எந்த அளவு ஈரப்பதம் சரியானது?

40 முதல் 50 சதவீதம் வரை. 60 சதவீதத்தைத் தாண்டினால் எஃகு துருப்பிடிக்கும் வேகம் வெகுவாகக் கூடுகிறது. வியர்வை உப்போ தூசியோ படிந்த எஃகு அதற்கு முன்பே துருவேறத் தொடங்கிவிடும். துணி, தோல், மரம் ஆகியவற்றின் மேற்பரப்பில் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் முளைக்க வாய்ப்பு மிக அதிகம். பூஞ்சண வித்துகள் எல்லாக் காற்றிலும் இருப்பவை. அவற்றை வராமல் தடுக்க இயலாது. முளைக்கத் தேவையான ஈரத்தைத்தான் மறுக்க முடியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு நல்லது என்று எண்ணி 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோனால், மரக்கட்டை சுருங்கி விரிசல் விடும், உலோகத்தோடு அது பொருந்தியிருக்கும் இடம் தளரும், தோல் வறண்டு வெடிக்கும். பழைய மரக்கட்டைத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு இந்தக் கீழ் எல்லையும் மேல் எல்லையைப் போலவே முக்கியம்.

பனிநிலை என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. அறையில் 28 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது பனிநிலை சுமார் 23 டிகிரி. அதாவது அறைக்காற்றைவிட ஐந்து டிகிரி குளிர்ந்திருக்கும் எந்த இரும்பின் மீதும் நீர் படியும். கனமான பெட்டகம் மெதுவாகத்தான் சூடாகும். குளிர்ந்த இரவுக்குப் பின், சூடான, ஈரமான காலைக் காற்று வீசும்போது, சுவர்களும் துப்பாக்கிக் குழல்களும் இன்னும் இரவின் குளிரிலேயே இருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், குளிர்ந்த நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலக் குழலும் வியர்க்கும். ஆனால் எண்ணெய் பூசிய கரிய உலோகத்தின் மீது அது கண்ணுக்குத் தெரியாது.

ஈரப்பதமானி கட்டாயம் தேவையா? அது காட்டுவதை நம்பலாமா?

கட்டாயம் தேவை. அளக்காமல் வாங்கும் எந்த உலர்த்தியும் ஊகத்துக்குச் செலவிட்ட பணம். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி போதும். ஆனால் மலிவான கருவிகள் 3 முதல் 5 சதவீதம் வரை முன்பின் காட்டக்கூடும் என்பதால், வாங்கியவுடன் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

சோதனைக்கு வேண்டியது சமையல் உப்பு மட்டுமே. ஒரு புட்டியின் மூடியில் உப்பை நிரப்பிச் சில சொட்டு நீர் விட்டு, ஈர மணல் போன்ற பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் ஈரப்பதமானியையும் ஒன்றையொன்று தொடாமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடி, எட்டு மணி நேரம் அறை வெப்பநிலையில் விட்டுவிடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் நிலைத்து நிற்கும். கருவி 71 காட்டினால் அது 4 குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று அடியில் தங்குவதால், பெட்டகத்தின் தரைப்பகுதியில் ஈரப்பதம் மேல்தட்டைவிட அதிகமாக இருக்கும். கருவி ஒன்றே ஒன்று என்றால் அதைக் கீழ்ப்பகுதியில், உலர்த்தியிலிருந்து தள்ளி வையுங்கள். உலர்த்திப் பைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, எண் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதில் பயனில்லை.

பெட்டகத்தை வீட்டில் எங்கே வைக்க வேண்டும்?

வீட்டில் மனிதர்கள் வாழும், வெப்பநிலை அதிகம் மாறாத உள்ளறையில். குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். வாகனக் கொட்டகையும் நிலவறையும் எடை தாங்குவதற்கு வசதியானவை, ஈரத்துக்கு மிக மோசமானவை. வேறு வழியில்லை என்றால், பெட்டகத்தை உலர்த்துவதற்கு முன் அந்த அறையை உலர்த்துவதைப் பற்றி யோசியுங்கள்.

கான்கிரீட் தரையின் மீது பெட்டகத்தை நேரடியாக உட்கார வைப்பது மிகப் பரவலான தவறு. தரைக்கு அடியிலுள்ள மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலேறிக்கொண்டே இருக்கும். பார்வைக்குக் காய்ந்ததாகத் தெரியும் தரையும் இதற்கு விலக்கல்ல. வேலை முடிந்து சில வாரங்களே ஆன புதுக் கான்கிரீட் என்றால் அதற்குள் இருக்கும் நீரே போதும். சந்தேகம் இருந்தால் ஒரு மீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கறுத்த தடமோ இருந்தால் தரை ஈரம் விடுகிறது என்று பொருள்.

இதற்குத் தீர்வு, அழுத்தமான ரப்பர் கட்டைகளை நான்கு மூலையிலும் வைத்துப் பெட்டகத்தைத் தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துவது. மரத்துண்டு வேண்டாம், அதுவே ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். உயர்த்திய பிறகும் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவதைக் கைவிடக் கூடாது. கட்டையின் நடுவில் துளையிட்டு, அதன் வழியாகவே போல்ட்டை இறக்கலாம். வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு இடைவெளி விடுவதும், பயன்படாத போல்ட் துளைகளை ரப்பர் அடைப்பானால் மூடுவதும் பத்து நிமிட வேலை.

சிலிக்கா ஜெல் எவ்வளவு போட வேண்டும்?

முன்பு சொன்ன கணக்கையே தொடர்வோம். 0.6 கன மீட்டர் பெட்டகத்தின் காற்றை 70 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்குக் கொண்டுவர நீக்க வேண்டிய நீர் மூன்றரைக் கிராம்தான். ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல், நாம் விரும்பும் 45 சதவீத அளவில், தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும். ஆக அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லுக்கு 100 கிராம் நீரைத் தாங்கும் திறன் உண்டு. காற்றை மட்டும் கணக்கிட்டால், கதவை 28 முறை முழுதாகத் திறந்து மூடுவதைத் தாங்கும்.

ஆனால் ஈரமேறிய மரக்கட்டைத் துப்பாக்கிகள் மூன்றும் துணி ஒட்டிய தட்டுகளும் உள்ளே இருந்தால் அந்த அரைக் கிலோ முதல் வாரத்திலேயே நிறைந்துவிடும். இதைக் கண்டு சிலிக்கா ஜெல் போலி என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. உண்மையில் அது தன் வேலையைச் செய்துவிட்டது; பொருள்களில் தங்கியிருந்த ஈரம் வெளியே வருகிறது. முதல் மாதத்தில் மூன்று நான்கு முறை காயவைத்துத் திரும்ப வைத்தால், பொருள்களின் ஈரம் வடிந்து, பிறகு அதே அரைக் கிலோ இரண்டு மூன்று மாதங்கள்கூடத் தாங்கும். எனவே நடுத்தரப் பெட்டகத்துக்கு அரைக் கிலோ எடையில் இரண்டு பைகள் வாங்கி, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது காய்ந்து தயாராக இருக்கும்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. மருந்துப் புட்டிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிறு பொட்டலங்களைச் சேர்த்துப் போடுவோர் பலர். அவை பெரும்பாலும் கையில் வரும்போதே நீர் நிறைந்தவை.

அது நிறைந்துவிட்டது என்பதை எப்படி அறிவது, எப்படிக் காயவைப்பது?

நிறம் மாறும் மணிகள் கலந்தவை கிடைக்கின்றன. நீல மணிகள் ஈரமேறினால் இளஞ்சிவப்பாகும். அவற்றில் உள்ள கோபால்ட் குளோரைடு நச்சுத்தன்மை கொண்டது என்பதால், ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குவது மேல். நிறத்தைவிட நம்பத்தக்கது தராசு. நன்றாகக் காய்ந்த பையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை மார்க்கரால் பையிலேயே எழுதிவிடுங்கள். 500 என்று எழுதிய பை 590 காட்டும் நாளில் எடுத்துக் காயவைக்க வேண்டும்.

ஓவனில் 120 டிகிரி வைத்து, அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் போதும். நிறம் மாறும் மணிகளை அதற்கு மேல் சூடாக்கினால் நிறம் காட்டும் திறன் போய்விடும். பிளாஸ்டிக் பையாக இருந்தால் மணிகளை முதலில் கொட்டிவிடுங்கள். சூடு ஆறும்வரை வெளியே திறந்து வைத்திருந்தால் அது அறையின் ஈரத்தை மறுபடி குடிக்கத் தொடங்கிவிடும். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஆறவிடுங்கள். மின்செருகி வைத்துக் காயவைக்கும் சிறு பெட்டி வகையும் உண்டு. அதை எக்காரணம் கொண்டும் பெட்டகத்துக்குள்ளேயே செருகக் கூடாது. உறிஞ்சிய நீர் முழுவதையும் அங்கேயே வெளிவிட்டுவிடும்.

அலமாரிகளுக்கு விற்கும், நீர் சேரும் டப்பாக்களை வைக்கலாமா?

வைக்கக் கூடாது. அவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது ஈரத்தை வெகு வேகமாக உறிஞ்சி, தானும் கரைந்து உப்புநீராகிறது. அந்த உப்புநீர் ஒரு முறை கவிழ்ந்தாலோ, பெட்டகத்தின் தரைத்துணியில் சொட்டினாலோ, அது இரும்பை அரிக்கும் வேகத்துக்கு முன் சாதாரண ஈரம் ஒன்றுமே இல்லை. துணி அலமாரிக்கு அது நல்ல பொருள். துப்பாக்கி இருக்கும் இடத்துக்கு எதிரி. கல்லுப்பைக் கிண்ணத்தில் வைக்கும் பழக்கத்துக்கும் இதே பதில். அரிசியும் கரித்துண்டும் தீங்கு செய்யாவிட்டாலும் சொல்லத்தக்க பயன் தருவதில்லை. அரிசி பூச்சியையும் வரவழைக்கும்.

மின்சார ஹீட்டர் ராடு ஈரத்தை நீக்குமா?

நீக்காது, ஆனால் பயன் தரும். சில பத்து வாட் மட்டுமே இழுக்கும் இந்த ராடு, அடித்தட்டில் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டு, உள்காற்றை அறையைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக வைத்திருக்கிறது. நீரின் அளவு மாறாமல் வெப்பநிலை மட்டும் ஏறினால் ஈரப்பதச் சதவீதம் இறங்கும்: 25 டிகிரியில் 65 சதவீதமாக இருந்த காற்று 28 டிகிரியில் ஏறக்குறைய 55 சதவீதமாகிவிடும். அதைவிடப் பெரிய நன்மை, உலோகம் எப்போதும் அறையைவிடச் சூடாக இருப்பதால், கதவைத் திறக்கும்போது அதன்மீது நீர் படிவதே இல்லை.

எனவே அடிக்கடி திறக்கும் பெட்டகத்துக்கு ராடும், மாதக்கணக்கில் திறக்காத பெட்டகத்துக்கும் மின்னிணைப்பு இல்லாத இடத்துக்கும் சிலிக்கா ஜெல்லும் பொருத்தம். இரண்டையும் சேர்த்துப் போடுவதில் தவறில்லை. பையை ராடுக்கு நேர் மேலே வைக்காமல் மேல்தட்டில் வையுங்கள், சூட்டில் அது பிடித்ததை விட்டுவிடும். ராடின் மேற்பரப்பு தொட்டால் சுடும் அளவுக்குச் சூடேறும். துணி, உறை, தோட்டா எதுவும் அதைத் தொடக் கூடாது. ஒயரைக் கதவிடுக்கில் நசுக்கி வெளியே இழுக்காமல், அதற்கென உள்ள துளை வழியாகவே கொண்டுவர வேண்டும்.

சிறிய மின் ஈரநீக்கியை உள்ளே வைக்கலாமா?

தேவையில்லை. சிறிய கருவி குளிர்ந்த இடத்தில் சரியாக வேலை செய்யாது. அது சேர்க்கும் நீரும் ஒரு தொட்டியில் பெட்டகத்துக்குள்ளேயே நிற்கும். பெரிய ஈரநீக்கி ஒன்றை அறையில் வைப்பது இதைவிடச் சிறந்த செலவு.

தீயைத் தாங்கும் பெட்டகத்தில் ஈரம் அதிகமாக இருப்பது ஏன்?

இந்தப் புகாரில் உண்மையும் உண்டு, தவறான விளக்கமும் உண்டு. பெரும்பாலான பெட்டகங்களின் சுவருக்குள் ஜிப்சம் போர்டு இருக்கிறது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். ஆனால் அது படிகத்தோடு வேதியியல் முறையில் பிணைந்த நீர். தீ விபத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடேறும்போதுதான் அது ஆவியாகிப் பெட்டகத்தைக் குளிர்விக்கும். சாதாரண நாட்களில் அது கசிவதில்லை. சிமென்ட் போன்ற கலவையை ஈரமாக ஊற்றி நிரப்பிய சிறு பெட்டகங்களின் கதை வேறு. அந்தக் கலவையில் பிணையாத நீரும் மிச்சமிருக்கும். புதிதாக வாங்கிய முதல் ஆண்டில் அது மெல்ல உள்ளே வந்துகொண்டிருக்கும். அத்தகைய பெட்டகத்தில் துப்பாக்கி வைப்பதாயிருந்தால், வாங்கியவுடன் வெறுமையாகத் திறந்து சில வாரம் காற்றாடவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல்லை இருமடங்காகப் போட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கதவோரத்தில் உள்ள தீத்தடுப்புப் பட்டையை ஈரத்தடுப்பு என்று எண்ண வேண்டாம். அது சூட்டில்தான் உப்பி இடுக்கை மூடும். மற்ற நேரங்களில் காற்று தாராளமாகப் போய்வரும்.

துப்பாக்கியை அதன் உறையோடு வைக்கலாமா?

நீண்ட நாட்களுக்குக் கூடாது. ஃபோம் பெட்டி ஈரத்தை உலோகத்தோடு அணைத்து வைத்திருக்கும். முட்டைத்தட்டு போல மேடுபள்ளமான ஃபோம் உள்ள ஒரு பெட்டியில் நான் மூன்று மாதம் விட்டுவைத்த துப்பாக்கியை எடுத்துப் பார்த்தபோது, மேடுகள் தொட்ட இடத்திலெல்லாம் குழல் நெடுகப் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக, அச்சடித்தாற்போல் இருந்தன. பள்ளங்களுக்கு நேரே எஃகு பளபளப்பாகவே இருந்தது. தோல் உறை இன்னும் மோசம், பதனிடும்போது சேர்த்த உப்புகளும் அமிலங்களும் அதில் தங்கியிருக்கும். சிலிக்கோன் ஏற்றிய பின்னல் துணி உறை காற்றுப் போக விடுவதால் அது ஒன்றைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் உறையில்லாமல், ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்துவதே நல்லது.

மழையில் நனைந்தோ குளிரிலிருந்தோ கொண்டுவந்த துப்பாக்கியை உடனே உள்ளே வைக்கலாமா?

குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவரும்போது, முதலில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, மூடிய பயணப் பெட்டிக்குள்ளேயே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். உங்கள் கண்காணிப்பிலோ பூட்டிய அறையிலோ அது இருக்கட்டும். பெட்டிக்குள் உள்ள குளிர்ந்த, வறண்ட காற்றோடு சேர்ந்து உலோகம் மெல்லச் சூடாகும். உடனே திறந்தால் பனி படியும். நனைந்த துப்பாக்கியில் கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில் தங்கும் நீர் வெளியிலிருந்து தெரியாது. தெரிந்தவர்கள் கட்டையைக் கழற்றித் துடைத்து, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, எண்ணெய் பூசிய பிறகே உள்ளே வைப்பார்கள். நனைந்த ஒன்றை அவசரமாக உள்ளே வைத்துப் பூட்டுவது, பக்கத்தில் நிற்கும் உலர்ந்த நான்கையும் சேர்த்து நனைப்பதற்குச் சமம்.

நன்றாக எண்ணெய் பூசிவிட்டால் போதாதா?

மெல்லிய படலம் போதும், அதிகம் வேண்டாம். வழியவழியப் பூசிய எண்ணெய், நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் கீழே இறங்கி, கட்டையின் தலைப்பகுதியில் ஊறி மரத்தை மிருதுவாக்கிவிடும். தூசியையும் பிடிக்கும். பச்சை ஆளிவிதை எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் பூஞ்சணத்துக்கு உணவு; உலோகத்துக்குத் துப்பாக்கிக்கான கனிம எண்ணெயையே பயன்படுத்துங்கள். எண்ணெயைவிட முக்கியம், கைரேகையைத் துடைத்தபின் உள்ளே வைப்பது. வியர்வையின் உப்பு, விரல்கள் பதிந்த வடிவத்திலேயே துருவாக எழும்.

துருத்தடுப்பு ஆவி விடும் தாளும் சிறு குப்பிகளும் இன்னொரு துணை. அவை உலோகத்தின் மீது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து காக்கின்றன. ஈரப்பதத்தைக் குறைப்பதில்லை, பூஞ்சணத்தைத் தடுப்பதுமில்லை. உறையில் குறித்த காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும்.

உள்ளே ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்துவிட்டது. என்ன செய்வது?

எல்லாவற்றையும் வெளியே எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டா இல்லை என்பதைப் பார்த்து, சுத்தம் முடியும் வரை அவற்றைப் பூட்டக்கூடிய வேறிடத்தில் வையுங்கள். ராடு இருந்தால் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். சன்னல்களைத் திறந்து, என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த தூரிகையால் தட்டக் கூடாது. வித்துகள் அறை முழுதும் பறக்கும். நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கருவியால் உறிஞ்சலாம், அல்லது ஈரத் துணியால் ஒற்றி எடுக்கலாம்.

உள்சுவரின் வண்ணம் பூசிய இரும்புக்கும் உலோகப் பாகங்களுக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் நெருப்பு அருகில் இருக்கக் கூடாது. குளோரின் ப்ளீச் வேண்டவே வேண்டாம். அது துருப்பிடிக்காத எஃகைக்கூடப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். வினிகரைப் பரிந்துரைப்போரும் உண்டு. அதன் அமிலம் குழலின் கருநீலப் பூச்சைக் கரைத்து வெள்ளை எஃகை வெளிக்காட்டிவிடும். மரக்கட்டைக்கு, மென்மையான சோப்பு நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியே போதும். பழைய கட்டைகளில் அரக்கு வார்னிஷ் இருந்தால் ஆல்கஹால் அதைக் கரைக்கும். தெரியாத மூலை ஒன்றில் சோதித்துப் பாருங்கள்.

கடினமான கேள்வி துணி ஒட்டிய உட்பகுதி. மேலாகப் படர்ந்த சாம்பல் நிறத் தூள் துடைத்தால் போய்விடும். ஆனால் துடைத்து, உலர்த்தி, ஒரு வாரம் கழித்தும் கதவைத் திறந்தவுடன் மக்கிய வாடை முகத்தில் அடித்தால், துணிக்குப் பின்னால் உள்ள அட்டையில் வேர் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். அந்தத் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி. வாசனைப் பொருள் தெளித்து மறைப்பது வேலையைத் தள்ளிப்போடுவதே. கழற்றும்போது பின்னாலுள்ள இரும்பையும் போல்ட் துளைகளையும் பாருங்கள். ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக் கறையே காட்டிக்கொடுக்கும்: கறை அடியில் கனத்திருந்தால் தரை, முதுகில் என்றால் வெளிச்சுவர், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் என்றால் உள்ளே வைத்த பொருள்களோ அறையோ.

பெட்டகத்தைக் கதவு திறந்தபடி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரவிடுங்கள். பிறகு வெறும் பெட்டகத்துக்குள் ஈரப்பதமானியையும் காய்ந்த சிலிக்கா ஜெல்லையும் மட்டும் வைத்துப் பூட்டி, எண் 50க்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்து நின்ற பிறகே துப்பாக்கிகளை எண்ணெய் பூசித் திரும்ப வையுங்கள்.

ஸ்கோப் (துப்பாக்கியில் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) லென்ஸில் சிலந்திவலை போல ஏதோ தெரிகிறது. துடைத்தும் போகவில்லையே?

அது லென்ஸுக்கு உட்புறத்தில் வளர்ந்த பூஞ்சணமாக இருக்கலாம். அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை நிரந்தரமாக அரித்துவிடும். தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களே திறந்தால் உள்ளே நிரப்பிய வாயு போய்விடும். மற்ற ஸ்கோப்புகளை அதிலிருந்து பிரித்து வையுங்கள்.

ஆவணங்களையும் தோட்டாக்களையும் அதே பெட்டகத்தில் வைக்கலாமா?

காகிதம் ஈரத்தைச் சேர்த்துவைக்கும் பொருள். பத்திரங்களையும் புகைப்படங்களையும் வைத்தே ஆக வேண்டுமென்றால், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், தனியே ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அட்டைப் பெட்டிகளை மொத்தமாக வெளியேற்றுங்கள்.

தோட்டாக்களைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து, வேறு பூட்டின் கீழ் வைப்பது பாதுகாப்புக்கும் நல்லது. பல நாடுகளில் சட்டமும் அதையே கேட்கிறது. ரப்பர் வளையமுள்ள உலோகப் பெட்டியில் ஈரம் புகாது. தளர்வான வெடிமருந்துத் தூளை மட்டும் கனத்த இரும்புப் பெட்டகத்தில் ஒருபோதும் பூட்டி வைக்கக் கூடாது. தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் பெட்டகமே வெடிக்கும்.

எத்தனை நாளுக்கொரு முறை திறந்து பார்க்க வேண்டும்?

முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை. எண் நிலைத்த பிறகு மாதம் ஒரு முறை. ஈரக்காற்று வீசும் பருவத்தில் மட்டும் மறுபடி வாரத்துக்கு ஒரு முறை. வெளிக்காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்கும் நேரத்தில், பெரும்பாலும் நடுப்பகலில், திறப்பது நல்லது. திறந்தவுடன் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். வாடை எண்ணுக்கு முன்பே எச்சரிக்கும். பிறகு ஒரு வெள்ளைத் துணியால் ஒவ்வொரு குழலின் அடிப்பக்கத்தையும் ஒரு முறை வழித்துப் பாருங்கள். துணியில் ஆரஞ்சு நிறம் ஒட்டினால், மெல்லிய எஃகுக் கம்பளியை எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல் தேய்த்து எடுத்துவிடலாம். குழி விழுவதற்கு முன் பிடித்துவிட்டீர்கள்.

சில மாதங்கள் வெளியூர் செல்வதாக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே புதிதாகக் காயவைத்த பையை வைத்து, எண் இறங்கியதை உறுதிப்படுத்திக்கொண்டு பூட்டுங்கள். மின்னணுப் பூட்டின் மின்கலத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய மின்கலம் கசிந்து பூட்டு திறக்காமல் போனால், உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்கவே பூட்டுத் திறப்பவரை அழைக்க வேண்டியிருக்கும்.